இரண்டாம் சோதனையின் தண்ணீர்

"என் ஆராய்ச்சி தப்புன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். செத்தாலும் மாட்டேன்!"

அம்மாளின் வீட்டுக்குள் நுழைந்ததுமே இப்படிச் சொன்னவள் எலிகளுக்கு வரும் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்பவள். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் விழுங்கும் சாதாரண மாத்திரையைக் குடிதண்ணீரில் கரைத்துக் கொடுத்தபோது கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. துறைத்தலைவர் அதே சோதனையை மறுபடி செய்தார். மாத்திரை குடித்த எலிகளுக்கும் குடிக்காத எலிகளுக்கும் கட்டிகள் ஒரே வேகத்தில் வளர்ந்தன. அதனால்தான் அவளை அப்படி எழுதித் தரச் சொன்னார்.

மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்த ஆள் ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கான் அண்ணி!"

"சும்மா இரு. ஏம்மா, அந்த மாத்திரை ருசி எப்படி?"

"நாக்குல வெச்சுப் பார்த்தேன். ஒரே கசப்பு."

மறுநாள் காலை மூவரும் எலிக்கூடத்துக்குப் போனார்கள். எந்தக் கூண்டு எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று பராமரிப்பாளர் தினமும் எழுதிய நோட்டை அம்மாள் அரைமணி நேரம் புரட்டினார். பிறகு நேரே தலைவரின் அறைக்கு நடந்தார்; மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"தண்ணியில இனிப்பு ஏதாவது சேர்த்தீங்களா சார்?"

"இல்லவே இல்லை. இவங்க செஞ்சதை அச்சு அசலா செஞ்சேன். நானேதான் கலக்கினேன்."

"அப்போ மாத்திரையை நீங்க கலக்கவே இல்லை."

தலைவர் எழுந்துவிட்டார். அம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னார்: "முதல் சோதனையில மாத்திரைத் தண்ணி குடிச்ச எலி தினம் மூணு மில்லிதான் குடிச்சிருக்கு. வெறும் தண்ணி குடிச்சது அஞ்சு. கசப்பு அப்படி. உங்க சோதனையில ரெண்டுமே அஞ்சு. எலிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

தலைவரின் குரல் இறங்கியது. "பத்து வருஷமா இதே நோய்க்கு ஒரு புது மருந்தை உருவாக்கிட்டிருக்கேன். ஒரு சாதாரண மாத்திரை அதை ஒண்ணுமில்லாம ஆக்கிடுமேன்னு..."

"மாட்டினாரு பாத்தீங்களா!" என்றார் நாத்தனார்.

அம்மாள் ஆராய்ச்சியாளர் பக்கம் திரும்பினார். "நீயும் இன்னும் ஜெயிக்கலை. தண்ணி குறைஞ்சதாலேயேகூட உன் எலிகளுக்குக் கட்டி மெதுவா வளர்ந்திருக்கலாம்."

அவள் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு நிமிர்ந்தாள்.

"சரி. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு தண்ணி குடுத்து மூணாவது தடவை செய்றேன். தோத்தா, தப்புன்னு நானே ஊரறியச் சொல்றேன். சோதிக்காம சொல்லச் சொன்னா, யார் சொன்னாலும் முடியாது."

யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எலிக்கூடத்துக்குப் படியிறங்கினாள்.