காலியான முன்சீட்டு

ஆளில்லாத முன்சீட்டு லேசாக அமுங்கியது. ஸ்பிரிங்காக இருக்கும், பழைய ஸ்கூட்டர்தானே என்று பின்சீட்டில் இருந்த அருள்பாண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டான். தள்ளிக்கொண்டு வரும் மச்சினன் மாயக்கண்ணனுக்கு வாய்த்தது வேறு எப்படி இருக்கும்?

காரைக்குடியில் அருள்பாண்டியின் கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு ஒக்கூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாலுகா ஆபீஸில் நாலு பேரை நிற்கவைத்துப் பேசுகிறவன், இந்த வெட்டிப்பயலின் முதுகைப் பார்த்தபடி வருவதே கேவலம். போதாக்குறைக்கு, அய்யனார் பொட்டல் வந்ததும் அவன் எஞ்சினை அணைத்து இறங்கிவிட்டான். மண்குதிரைகள் நிற்கும் அந்த இடத்தை யாரும் வண்டியில் உட்கார்ந்தபடி தாண்டுவதில்லை. தள்ளிக்கொண்டுதான் நடப்பார்கள்.

"இன்னும் உக்காந்திருக்கீக. இறங்கிருங்க மச்சான். முன்சீட்டைக் காலியா விட்டுட்டுப் பின்னாடி உக்காரக் கூடாது. அவுக ஏறிக்கிருவாக."

"கால் வலிக்குது. தள்ளுடா."

வலியே இல்லை. அவன் மூச்சு வாங்கத் தள்ளுவதைப் பார்க்கச் சுகமாக இருந்தது. உடைந்துபோன மண்பொம்மைக்குப் பயந்து சாகிற கூட்டம், இதற்குள் பெண்ணெடுத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பொழுது மங்கியது. இருபக்கமும் காது போனதும் கால் போனதுமாகக் குதிரைகள் பல்லைக் காட்டி நின்றன. சருகு நொறுங்கும் சத்தத்துக்கும் மாயக்கண்ணனின் இளைப்புக்கும் நடுவே இன்னொரு மூச்சு, பெரிய நெஞ்சிலிருந்து வருவது, கூடவே வந்தது. மழை பெய்து மாசக்கணக்காகியும் ஈரக் களிமண் வாடை மூக்கில் ஏறியது.

சீட்டு மறுபடி அமுங்கியது. இந்தமுறை நிமிரவில்லை.

"மாப்ளே, நில்லுடா. இறங்குறேன்."

பதில் பின்னாலிருந்து, வெகுதூரத்திலிருந்து வந்தது. "குதிச்சிருங்க மச்சான். நான் கைய விட்டு ரொம்ப நேரமாச்சு."

ஹேண்டில்பாரில் யாருடைய கையும் இல்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. டயர் சத்தம் இல்லை. குளம்புச் சத்தம்.

காலைத் தூக்கினான். வரவில்லை.

குனிந்து பார்த்தான். காரைக்குடியில் கட்டுப் பிரித்த கால் மறுபடி இறுகியிருந்தது. வெள்ளையாக இல்லை. செம்மண்.

முன்னாலிருந்து ஒரு ஈரக் கை வந்தது. விழுந்துவிடாதே என்பதுபோல் அவன் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டது. களிமண் இடுப்பு. விரல்கள் உள்ளே புதைந்தன.

பிறகு மண் காயத் தொடங்கியது.