யாளிக்குட்டிக்கு யார் சோறு போட்டது?

பொன்மலை ரயில்வே குடியிருப்பில், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்து விளையாடுவார்கள். பந்து கிடையாது, மட்டை கிடையாது. ஒரு ஜோடி தாயக்கட்டை, நான்கு நோட்டு. மீதி எல்லாம் வாய்தான்.

கதையை நடத்துவது இக்ரா. எதிரே காடு இருக்கிறதா, கிணறு இருக்கிறதா, புதருக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று அவள் சொல்வாள். தங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று மற்ற மூவரும் சொல்வார்கள். ஜூட்டின் ஆள் வாள்வீரன். இளவேனிலின் ஆள் மந்திரக்காரி. நால்வரில் செல்லக்கிளிதான் குள்ளம். அவளுடைய ஆள் பனைமர உயரத்தில் ஓர் அரக்கி. அது அவள் இஷ்டம்.

நோன்பு மாதம் வந்ததும் விளையாட்டு நின்றது. தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று மணி நேரம் பூதம் மாதிரியும் கிழவி மாதிரியும் பேச முடியாது என்று இக்ரா சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

நிறுத்துவதற்கு முந்தின வாரம்தான் ஒரு குகையில் யாளிக்குட்டி ஒன்றைப் பிடித்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் கோயில் தூணில் சிங்க முகமும் துதிக்கையுமாக நிற்குமே, அதேதான். இது உயிரோடு, கன்றுக்குட்டி அளவில் இருந்தது. அது வளர்ந்தால்தான் அதன் முதுகில் ஏறி ஏழு மதில் கோட்டையைத் தாண்ட முடியும். தன் அரக்கி குட்டியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்று செல்லக்கிளி சொல்லியிருந்தாள்.

பெருநாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள். இக்ரா நோட்டைப் பிரித்தாள்.

"இங்க ஒரு மாசம் போனா அங்கயும் ஒரு மாசம் போயிருக்கும். சண்டை இல்லாத நேரத்துல உங்க ஆளுங்க என்ன பண்ணாங்க? ஆளுக்கு ஒரு வேலைதான். பேனாவால எழுதிடுவேன். அப்புறம் மாத்த முடியாது."

தன் வீரன் மாதம் முழுக்க வாள் தீட்டினான் என்றான் ஜூட். ஒரு வாளைத் தீட்ட ஒரு மாதமா என்று இக்ரா கேட்டாள். பெரிய வாள் என்றான். நம்புகிறவர்கள் நம்பலாம். இக்ரா எழுதிக்கொண்டாள்.

அடுத்தது செல்லக்கிளி.

"படுத்திருந்தா" என்றாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மாசம் பூரா படுத்திருந்தா."

இக்ரா அதையும் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் ஜூட்டுக்கு உறைத்தது.

"அப்ப யாளிக்குட்டிக்கு யார் சோறு போட்டது?"

செல்லக்கிளி விழித்தாள். குட்டியை அவள் சுத்தமாக மறந்திருந்தாள்.

சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு மாதம் என்றால் குட்டி பிழைத்திருக்காது என்றாள் இக்ரா. அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் விதி என்றால் விதி. ஜூட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து வாரம் பாடுபட்டுப் பிடித்த குட்டி அது. தூங்குகிறவளுக்கு விளையாட்டு எதற்கு, இவளை எடுத்துவிடலாம் என்றான்.

செல்லக்கிளி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் எழுந்து போய்விடுவாள்.

இளவேனில் அவள் முகத்தைப் பார்த்தாள். நெற்றியிலும் கழுத்திலும் கருத்த தழும்புகள். போன மாதம் செல்லக்கிளிக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை சொருகியிருந்தார்கள். அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. இளவேனில்கூட அந்தத் தெருவை விட்டுச் சுற்று வழியில்தான் ஸ்கூலுக்குப் போனாள். அம்மா சொன்னாள், அவளும் கேட்டாள்.

குட்டிக்குச் சோறு போட்டேன் என்று செல்லக்கிளி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? அவள் சொல்லவில்லை.

"இளவேனில், உன் ஆளு?" என்றாள் இக்ரா.

இளவேனிலின் நோட்டில் அரைப்பக்கம் தயாராக இருந்தது. மந்திரக்காரி ஒரு மாதம் மலை உச்சியில் தவம் இருந்து பறக்கும் மந்திரம் கற்கிறாள். விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து அந்த மந்திரத்துக்காகத்தான் காத்திருந்தாள். அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். நோட்டை மூடினாள்.

"அவ அரக்கி வீட்டுக்குப் போனா."

"பறக்கிற மந்திரம்?"

"கத்துக்கல. அரக்கிக்கு அம்மை போட்டிருந்துச்சு. எல்லாரும் பயந்துக்கிட்டு யாரும் உள்ள போகல. மந்திரக்காரிக்குச் சின்ன வயசுலயே போட்டு முடிஞ்சிருச்சு, அதனால போனா. இளநி வெட்டிக் குடுத்தா. பக்கத்துல உட்கார்ந்து கதை சொன்னா. குட்டி பசியில கத்துச்சு, அதுக்கும் சோறு போட்டா. மாசம் பூரா அங்கதான் இருந்தா."

செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ரெண்டு வேலை" என்றாள் இக்ரா.

"ஒரே வீடுதானே?"

இக்ரா பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒரே வீடுன்னா ஒரே வேலைதான்" என்று சொல்லி எழுதினாள். யாளிக்குட்டி பிழைத்தது.

ஜூட் காதைச் சொறிந்தான். தழும்புகளை அவனும் இப்போதுதான் பார்த்தான். தன் வேலையை மாற்றலாமா என்று கேட்டான். பேனாவால் எழுதியாகிவிட்டது என்றாள் இக்ரா.

"வாள் தீட்டினான்னுதானே எழுதியிருக்க? எங்க உட்கார்ந்து தீட்டினான்னு நான் சொல்லவே இல்லையே. அரக்கி வீட்டு வாசல்ல உட்கார்ந்து தீட்டினான். காவலுக்கு."

இக்ரா நோட்டைப் பார்த்தாள். இடம் எழுதவில்லை, உண்மைதான். 'வாசலில்' என்று பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். பிறகு கோட்டைக்குப் புறப்படலாமா என்று கேட்டாள்.

"இருங்க" என்றாள் செல்லக்கிளி. நோட்டைத் திரும்பப் பிரித்து, பென்சிலைக் கையில் எடுத்திருந்தாள். "மந்திரக்காரி அரக்கிக்கு என்ன கதை சொன்னா? அதைச் சொல்லு முதல்ல."

அதை இளவேனில் யோசித்திருக்கவில்லை. சொல்லிக்கொண்டே யோசித்தாள். அன்று கோட்டைப் பக்கம் யாரும் போகவில்லை. அரக்கி பாயில் படுத்தபடியும், வீரன் வாசலில் உட்கார்ந்தபடியும் கேட்டார்கள். வயிறு நிறைந்த யாளிக்குட்டி வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.