நான்காம் வார்டின் எர்த்

லிஃப்ட் ஓடும்போதெல்லாம் நான்காம் வார்டின் பன்னிரண்டு நோயாளிகளுக்கும் ஒரே நேரத்தில் வலி கூடியது. கருவிப் பொறியாளர் ஜெபக்கனியை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பியது அதற்காகத்தான்.

வலிமானி புழக்கத்துக்கு வந்து பதினைந்து வருடமாகிவிட்டது. பிடரியில் ஒட்டிய சிறு வில்லை நரம்புத் துடிப்பை அளக்கும். தலைமாட்டுத் திரையில் பத்துக்குள் ஓர் எண் தெரியும். நான்கைத் தாண்டினால் மருந்துப்பெட்டி தானாகவே மருந்தை ரத்தத்தில் செலுத்தும். தாண்டாவிட்டால் டாக்டர் சொன்னாலும் செலுத்தாது. நடிக்கிறவர்களையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறவர்களையும் ஒன்றாக நடத்தும் கருவி என்று அதற்கு நல்ல பெயர்.

ஜெபக்கனி அரைமணியில் பிழையைப் பிடித்துவிட்டாள். வில்லையின் கம்பிமேல் மின்னிரைச்சலைத் தடுக்க ஓர் உலோக வலை உண்டு. அதை ஒரு முனையில் மட்டுமே தரையோடு இணைத்து எர்த் செய்ய வேண்டும். இங்கே கட்டிலிலும் எர்த், சுவரிலும் எர்த். இரண்டுக்கும் நடுவே கட்டடத்து இயந்திரங்களின் கசிவு மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடி, நரம்புத் துடிப்போடு கலந்து எண்ணை ஏற்றிவிட்டிருந்தது. லிஃப்ட் ஓடினால் இன்னும் கொஞ்சம் ஏறியது. சுவர்ப்பக்க இணைப்புகளை அவள் கழற்றினாள். பன்னிரண்டு எண்களும் சட்டென்று இறங்கி, ஆடாமல் நின்றன.

மறுநாள் காலை அவள் சரிபார்க்க வந்தபோது ஏழாம் கட்டிலில் இசக்கிமுத்து வியர்த்துக் கிடந்தார். உப்பளத்தில் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். திரையில் இரண்டு. முந்தைய நாளிலிருந்து ஒரு சொட்டு மருந்து இறங்கவில்லை.

ஜெபக்கனி வலிமானிக் கம்பெனியின் தலைமையகத்துக்குப் போன் போட்டாள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே வயரிங் வரைபடம்தான், எங்கேயும் இரண்டு எர்த், ஆகவே நான்கு என்ற எல்லையே இரைச்சலையும் சேர்த்து வகுக்கப்பட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்று விளக்கினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"லட்சம் பேரிடம் அளந்து வைத்த நான்கு, அம்மா அது. உங்கள் ஒரு வார்டு மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்?"

அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்து குனிந்தாள்.

"அண்ணாச்சி, எப்படி வலிக்குது?"

அந்த வார்டில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது. இசக்கிமுத்து கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார்.

"ரெண்டுன்னுல்லா போட்டிருக்கு, மேடம்."

ஜெபக்கனி சுவரோரம் உட்கார்ந்து, கழற்றிய இணைப்பைத் திரும்ப முடுக்கினாள். எண் மூன்றாகி, ஐந்தாகி, ஆறில் நின்றது. மருந்துப்பெட்டி மெல்ல இயங்கியது. கொஞ்ச நேரத்தில் இசக்கிமுத்துவின் விரல்கள் போர்வையை விட்டன.

"ஆறு, பாத்தியளா? நெசமாவே வலிச்சிருக்கு. நாந்தான் நடிக்கேனோன்னு நெனச்சிட்டேன்."

அந்த ஆறில் நான்கு கட்டடத்தினுடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தாள்.