மூன்றாவது பட்டன்

"நில்லுங்க! அந்தப் படியில கால வைக்காதீங்க!"

மழைக்குப் பயந்து நடைபாலத்தின் படிகளில் ஓடி ஏறியவள் திடுக்கிட்டு நின்றாள். இரண்டு படி மேலே, தொப்பலாக நனைந்தபடி ஓர் இளைஞன். குரலில் அதட்டல்... கண்களில் மட்டும் கெஞ்சல்.

"என்னங்க இது, வழிய மறிச்சுக்கிட்டு?"

"மறிக்கலன்னா உங்களை நான்தான் தூக்கிட்டு ஓடணும். எனக்கு ஏற்கெனவே முதுகு வலி."

சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். அவன் குனிந்து, விரிசல் விட்டிருந்த படியைச் சுற்றி, மழைக்கு அழியாத மஞ்சள் மெழுகுக்கட்டியால் ஒரு வட்டம் போட்டான்.

"வட்டம் எதுக்கு?"

"மறுபடி வந்து பார்க்கணும்னு அர்த்தம். பாலம் பரிசோதிக்கிறது என் பொழப்பு."

இருவரும் படிக்கட்டின் அடியில் ஒதுங்கினார்கள். அவன் கைபேசியை எடுத்து ஈர விரலால் தட்டினான். அது அசையவே இல்லை. அவள் தன் கைக்குட்டையை நீட்டினாள். அவன் திரையைத் துடைத்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

அந்த நீல நிறம்... மூன்று நாள் யோசித்து அவளே தேர்ந்தெடுத்தது. பாலப் பரிசோதனைக்கான அந்தச் செயலியை வடிவமைத்தவள் அவள்தான்.

"இதைச் செஞ்ச புண்ணியவான் ஒரு நாளாவது மழையில நின்னிருப்பானா, சொல்லுங்க ஆபீஸ் மேடம்!"

"அப்படி என்ன செஞ்சிட்டார்?"

"ரெண்டே பட்டன். 'சரி', 'சரியில்லை'. சரியில்லைன்னா போட்டோ அனுப்பணும். பாலத்துக்கு அடியில சிக்னல் ஏது? அனுப்பலன்னா அடுத்த பக்கம் திறக்காது. தண்ணி நிறைஞ்சு ஒண்ணுமே தெரியலன்னா என்ன அமுக்க? எல்லாரும் 'சரி'ய அமுக்கிட்டு, உண்மைய டைரியில எழுதி வச்சுக்குவோம்."

சிரித்துக்கொண்டே தொடங்கியவனின் குரல் இறங்கிவிட்டது.

"எங்கண்ணனும் அப்படித்தான் அமுக்கினாரு... கால்வாய்ப் பாலத்துல. தண்ணி வடிஞ்சதும் போய்ப் பார்க்கணும்னு டைரியில எழுதினாரு. நாலாம் நாள் பாலம் விழுந்துருச்சு. ஒரு அம்மாவும் அவங்க பொண்ணும் போயிட்டாங்க. அடுத்த வாரம் விசாரணை. அண்ணன் ரூமை விட்டு வர்றதில்ல. அண்ணி ஊட்டினாத்தான் ரெண்டு வாய்."

அவளுக்கும் அந்தச் செய்தி தெரியும். பரிசோதகரின் அலட்சியம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவளும் நம்பினாள்... நம்புவது சுலபமாக இருந்தது.

அவள் முதலில் வரைந்த திரையில் மூன்று பட்டன்கள் இருந்தன. மூன்றாவது, 'பார்க்க முடியவில்லை'. "அதை வச்சா எல்லாச் சோம்பேறியும் அதைத்தான் அமுக்குவான், எடுத்துடும்மா" என்றார் மேலாளர். மறுவார்த்தை பேசாமல் எடுத்தாள். ஒரு விநாடி வேலை.

அன்று அவள் வாய் திறக்கவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். வேலை முடியும் நேரத்தில் அந்தப் படிக்கட்டின் அடியில் அவன் பேசுவான், அவள் கேட்பாள். அவன் கண்களைப் பார்க்கும் ஆசை ஒரு பக்கம், பார்க்கும் தைரியமின்மை ஒரு பக்கம்... ஆறாம் நாள், அந்தச் செயலியைச் செய்தவள் தானே என்று சொல்லிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஆறு நாளா எங்க வீட்டுத் துக்கத்தை என் வாயாலேயே சொல்ல வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?" என்றான். கைக்குட்டையை மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தான்.

விசாரணை நாளன்று யாரும் அழைக்காமலே அவள் போனாள். தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சு. அதில் இறந்த சிறுமியின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது. நின்றுகொண்டே இருந்தவளைப் பார்த்து, சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தபோது, எதையும் மறைக்காத பலத்தைக் கொடு, கடவுளே, என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். கேட்ட பலத்தைக் கடவுள் அந்தத் தகப்பனாரின் கையாலேயே கொடுத்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

உள்ளே, மூன்று பட்டன்கள் இருந்த, தேதியிட்ட அந்தப் பழைய வரைவை மேசைமேல் வைத்தாள். "மூணாவது பட்டனை எடுத்தது நான்தான். அது இருந்திருந்தா இவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை."

அண்ணன் வாரக்கணக்கில் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார். "பொய்னு தெரிஞ்சேதாம்மா அமுக்கினேன். உன் பங்கு உனக்கு. என் பங்கு எனக்கு."

போன உயிர்கள் திரும்பவில்லை. அண்ணனுக்கு வேலை தங்கியது, பதவி இறங்கியது. அவளுக்கு மறுநாளே வேலை போயிற்று. ஆனால் எல்லாக் கைபேசிகளிலும் மூன்றாவது பட்டன் வந்தது.

வேலை போன அந்த மாலை, கால்கள் அவளை நடைபாலத்துக்கே இழுத்து வந்தன. அதே மழை. விரிசல் படிக்குப் புதுச் சிமெண்ட் பூசியிருந்தது. படிக்கட்டின் அடியில் அவன்.

"அண்ணன் நேத்து ராத்திரி தானா சாப்பிட்டாரு," என்றான். "அண்ணி உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அண்ணி சொன்னதுக்காகத்தான் வந்தீங்களா?"

அவன் மஞ்சள் மெழுகுக்கட்டியை எடுத்துக் குனிந்தான். அவள் நின்ற இடத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டான்.

"ஐயோ, நான் என்ன இடிஞ்சா விழப்போறேன்?"

"மறுபடி வந்து பார்க்கணும்... தினமும்." நிமிராமலே சொன்னான். "கோவம் இன்னும் முழுசா போகல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதைவிடப் பெரிசா ஒண்ணு உள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க சொல்லுங்க... சரியா, சரியில்லையா?"

அவள் கண்கள் நிரம்பி வழிந்தன. மழையும் அவனும் மஞ்சள் வட்டமும் ஒன்றாகக் கலங்கின.

"இப்ப ஒண்ணும் பார்க்க முடியல..." என்றாள். கைக்குட்டையை எடுத்து, தன் கண்களைத் துடைக்காமல், அவன் நனைந்த நெற்றியைத் துடைத்தாள்.

"ஆனா... சரி. போட்டோ கேட்காதீங்க."