ஒழுங்கை முழுக்க மீன் ஹோன்

ஸப்னா தன் குழலை முதன்முதலாக ஊதியபோது பக்கத்து வீட்டு நதீரா மாமி சட்டியோடு ஓடிவந்தார்.

"எங்க புள்ள மீன்காரர்? சூரை இரிக்காமா?"

"மீன்காரர் வரல்ல மாமி. நான்தான் ஊதினன்."

மாமிக்குப் பின்னால் எதிர்வீட்டு சல்மா உம்மாவும் சட்டியோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பூனைகள்.

பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தினமும் காலையில் கச்சிமுகம்மது மாமா மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, வீடுகளுக்கு நடுவே போகும் அந்த ஒழுங்கைக்குள் வருவார். ஹோனின் றப்பர் பந்தை அமுக்குவார். 'பாஆம்ம்!' உடனே எல்லோரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பிந்தினால் நல்ல மீன் போய்விடும். அந்த அவசரத்தில் யார்தான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவார்கள்?

ஸப்னா மீனுக்காக ஊதவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். ஆளுக்கொரு வாத்தியம் செய்து, சத்தம் எப்படி வருகிறது என்று சொல்லவேண்டும். அவள் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, ஒரு பக்கத்தில் பலூனை இழுத்துக் கட்டினாள். மறுபக்கத்தால் பிவிசி குழாயைப் பலூனில் முட்டும்வரை நுழைத்தாள். பக்கத்தில் ஊதுவதற்கு ஒரு ஓட்டை. ஊதினால் பலூன் துடிக்கும், குழாய்க்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து துடிக்கும்.

அவள் எதிர்பார்த்தது குயில். வந்தது மீன்!

அத்தோடு முடிந்திருக்கலாம். தம்பி றமீஸ் விட்டால்தானே? வாப்பா குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய குழாயை, அதே நீளத்தில் அறுத்து இன்னும் இரண்டு குழல் செய்துவிட்டான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் கூட்டாளி நஸீமுக்கு. சனிக்கிழமை முழுவதும் ஒழுங்கையில் 'பாஆம்ம்' ஓயவில்லை. சட்டியோடு வந்து வந்து சல்மா உம்மாவுக்குக் கால் உளைந்துவிட்டது.

"இனி ஆர் ஊதினாலும் நான் அசையமாட்டன்!" என்றார் நதீரா மாமி.

ஞாயிறு காலையில் உண்மையான மீன்காரர் வந்தார். 'பாஆம்ம்!' ஒருவரும் வரவில்லை. மறுபடியும் அமுக்கினார்.

உள்ளேயிருந்து நதீரா மாமி கத்தினார்: "ஸப்னா! இன்னொருக்கா ஊதினியெண்டா குழாயப் புடுங்கிக் கிணத்துக்குள்ள போடுவன்!"

கச்சிமுகம்மது மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸப்னா வாசலுக்கு ஓடிவந்தாள். பெட்டி நிறைய மீன். ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள, ஊரே நோன்பா? இந்த ஒழுங்கைய நம்பித்தான் இவ்வளவும் எடுத்தன். பழுதாப் போனா நான் என்ன செய்வன்? இனி இந்தப் பக்கம் வந்து வேலையில்ல."

ஸப்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்களாலதான் மாமா. கொஞ்சம் நில்லுங்க, போயிராதீங்க!"

"ஆக்கள் வெளிய வரணுமெண்டா வேற சத்தம் வேணும்!" என்று றமீஸின் குழலைப் பறித்தாள். நஸீமின் குழலையும் பறித்தாள்.

"நல்லாப் பலமா ஊதினா சத்தம் மாறும் ராத்தா," என்றான் றமீஸ்.

அவள் கையிலிருந்த குழலில் வாயை வைத்துப் பலமாக ஊதிக் காட்டினான். அதே 'பாஆம்ம்', ஆனால் காது கிழிந்தது.

"பாத்தியா? பலமா ஊதினாப் பெரிசாத்தான் கேக்கும். வேற சத்தம் வேணுமெண்டா குழாயக் கட்டையாக்கணும்," என்றாள் ஸப்னா. "நீளக் குழாய்க்குள்ள காத்து மெதுவாத் துடிக்கும், தடிச்ச சத்தம் வரும். கட்டைக் குழாய்க்குள்ள கெதியாத் துடிக்கும், மெல்லிய சத்தம் வரும்."

வாப்பாவின் மரம் அறுக்கும் வாளால் ஒரு குழாயைக் கொஞ்சம் அறுத்தாள். மற்றதைப் பாதியாக அறுத்தாள். தன்னுடையதை அப்படியே விட்டாள். மூன்றையும் சேர்த்துக் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஊதினாள்.

'பாஆம்ம்... பேம்... பீம்!'

ஒரு யன்னல் திறந்தது. பிறகு ஒரு கதவு.

"யா அல்லாஹ், இதென்ன புதினம்?" என்று திட்டுவதற்காகவே வெளியே வந்தார் நதீரா மாமி. கண்முன்னே கச்சிமுகம்மது மாமாவும் பெட்டி நிறையச் சூரையும்! "அட அல்லாஹ்வே, உண்மையான ஆள்!" என்று சட்டி எடுக்க உள்ளே பாய்ந்தார். அந்தக் கூச்சலில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டியில் ஐஸ் தண்ணீர்தான் மிச்சம்.

மீன்காரர் குழலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், இந்தச் சத்தம் வேற ஒருத்தரிட்டயும் இல்ல. இத எனக்குத் தருவீங்களா?"

ஸப்னா குழலை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாளைக்கு விஞ்ஞான தினம். வீட்டில் இனி ஒரு துண்டுக் குழாய்கூட இல்லை. கொடுக்க மனமே வரவில்லை. ஆனால், பழைய ஹோனைக் கெடுத்தது யார்?

"எடுங்க மாமா," என்று நீட்டிவிட்டு, மனம் மாறுமுன் வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தகரம், போத்தல், நரம்பு. ஸப்னாவின் மேசை மட்டும் வெறுமையாக இருந்தது.

"உங்கட வாத்தியம் எங்க ஸப்னா?" என்று கேட்டார் நிலாந்தினி டீச்சர்.

"அது... மீன் விக்கப் போயிட்டுது டீச்சர்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஸப்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே கேட்டது: 'பாஆம்ம்... பேம்... பீம்!'

"அதுதான் டீச்சர்! என்ட வாத்தியம்!" ஸப்னா துள்ளி எழுந்தாள். "முதல்ல கேட்டது நீளக் குழாய். கடைசியில கேட்டது கட்டைக் குழாய். அதுக்குள்ள காத்து கெதியாத் துடிக்குது!"

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொருமுறை கேட்டது. தலையை ஆட்டினார்.

"நல்ல விளக்கம் ஸப்னா, முழுப் புள்ளி," என்றவர், அவசரமாக யன்னலால் எட்டிப் பார்த்தார். "இப்ப ஓடிப் போய் உங்கட வாத்தியத்த நிக்கச் சொல்லுங்க. கணவாய் மீன் இருக்கா எண்டும் கேளுங்க!"