மடங்காத முழங்கால்

அவிநாசிபாளையத்தைத் தாண்டி, பூட்டிக் கிடந்த சாயப்பட்டறையின் முன்னால் கார் நின்றபோது வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. தங்கதுரை இறங்கினார். பின்னால் வந்த டெம்போவிலிருந்து அவருடைய முகம் இறங்கியது. ஒரு பேருந்தை மூடும் அளவுக்கு ஃப்ளெக்ஸ். ‘அக்கினி ஸ்தம்பம் சர்வதேச ஊழியங்கள். ஸ்தாபகர்: அப்போஸ்தலர் தங்கதுரை.’ வலது மூலையில், பாஸ்போர்ட் அளவில், இயேசுநாதருக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

சர்வதேசம் என்பது இப்போதைக்குப் பல்லடம் ரோட்டுச் சபையிலிருந்து பிரிந்து வந்த மூன்று குடும்பங்கள்.

பிரிந்ததற்குக் காரணம் வேதத்தின் ஆழமான சத்தியம் எதுவுமில்லை. ஒரு துண்டு. அந்தச் சபையில் திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைப்பது வழக்கம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கால். அன்று தங்கதுரைக்கு வாய்த்தது முருகவேலின் கால். முருகவேல் அவருடைய பனியன் கம்பெனியிலேயே துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர்.

“எங்கிட்ட சம்பளம் வாங்குறவன் காலையா நான் கழுவணும்?” என்று துண்டை வீசிவிட்டு எழுந்தவர்தான். பாஸ்டர் பூபாலன் திட்டவில்லை. “கதவு தொறந்தேதான் இருக்கும் பிரதர்” என்றார். திட்டியிருந்தாலாவது தங்கதுரை மன்னித்திருப்பார்.

இந்தப் பட்டறையில்தான் நாளைக்குப் புதுச் சபையின் பிரதிஷ்டை. அதற்குள் கட்டடத்திலிருக்கும் பொல்லாத ஆவிகளைத் துரத்திவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

“ஏனுங்க,” என்றாள் மனைவி தரணி, காரைவிட்டு நகராமல். “இன்னைக்கே போயி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க. நாளைக்கு ரிப்பன் வெட்டிட்டீங்கன்னா அப்பறம் உங்களால ஆகாதுங்க. உங்களை எனக்குத் தெரியும்.”

“ஏ பிள்ள, அபிஷேகம் வாங்குனவன் எவன் வாசல்லயும் போய் நிக்கமாட்டான்.”

வாட்ச்மேன் திருமூர்த்தி சாவியோடு வந்தார். “பாஸ்டருங்களா?”

“அப்போஸ்தலர்.”

“அது பாஸ்டருக்கு மேலீங்களா?”

“ரொம்ப மேல.”

“செரீங்க.” சாவியைக் கொடுத்தவர் கேட்டைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை. “மொதல்ல இருந்த ஓனரும் இப்படித்தானுங்க. ஆரு சொன்னாலும் கேக்கமாட்டாரு. உள்ள போயித் தனியாப் பேசிட்டு இருப்பாரு. அவரு சொல்றதுக்கெல்லாம் உள்ள ஒண்ணு ஆமாம் போட்டுட்டே இருக்குமுங்க. கடைசீல தொட்டிக்குள்ளதான் கண்டாங்க.”

“விழுந்துட்டாரா?” என்றாள் தரணி.

“இல்லீங்கம்மா. நின்ன மேனிக்கே செத்திருந்தாருங்க.”

தங்கதுரை சிரித்துக்கொண்டே உள்ளே போனார். தரணி பின்னால் போனாள்.

உள்ளே வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. சாய மெஷின்களின் வட்டக் கதவுகள் திறந்து கிடந்தன. அவற்றுக்குள் இருந்த இருட்டு, வெளியே இருந்த இருட்டைவிடக் கெட்டி. துருவும் அழுகிய முட்டையும் கலந்ததுபோல ஒரு நெடி. சாயம் இறங்கி இறங்கி என்ன நிறமென்றே சொல்ல முடியாமல் போன தரை, செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.

தங்கதுரை கையை உயர்த்தினார்.

“பொல்லாத ஆவியே, வெளியே போ! தேவமனுஷன் தங்கதுரை கட்டளையிடுகிறேன்!”

“ஏனுங்க,” தரணி கிசுகிசுத்தாள். “இயேசுவின் நாமத்தைச் சொல்லாம விட்டுட்டீங்க.”

எங்கோ ஒரு சொட்டு நீர் விழுந்தது.

பிறகு,

“ஆமென்.”

தங்கதுரை திரும்பினார். கிழவன் வந்துவிட்டானோ? திருமூர்த்தி கேட்டுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“ஸ்தோத்திரம், அப்போஸ்தலரே.”

மிரட்டும் குரல் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் விசுவாசியின் குரல். பயப்பட வேண்டிய அந்த இடத்தில் தங்கதுரைக்கு வந்தது பயமில்லை. மூன்று குடும்பத்தில் ஒருவர்கூட இதுவரை அவரை அப்படி அழைத்ததில்லை.

“பாத்தியா? சாத்தானுக்கே தெரியுது,” என்றார்.

“அது உங்களைக் கண்டு பயப்படலீங்க.” தரணி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “அதுக்கு உங்களைப் புடிச்சிருக்குதுங்க.”

“பூபாலனுக்கு என்ன தெரியும்?” குரல் இப்போது பக்கத்து மெஷினுக்குள் இருந்தது. “வேதாகமக் கல்லூரியில் தோற்றவன்தானே. அவன் செத்தால் அந்தச் சபையும் உமக்குத்தானே.”

தங்கதுரை ஓரடி பின்னால் வைத்தார்.

அது அவர் நினைத்தது. வார்த்தை மாறாமல். மனைவியிடம்கூடச் சொல்லாதது.

“ஆமென்,” என்றது, அவருடைய இடக்காதோரம். மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது.

தரணி முழங்காலில் விழுந்தாள். “ஆண்டவரே! ஆண்டவரே! ஏனுங்க, மண்டி போடுங்க!”

அவரும் விழத்தான் பார்த்தார்.

முழங்கால் மடங்கவில்லை.

இரண்டு கைகளாலும் தொடையை அழுத்தினார். இரும்புக் கம்பியை அழுத்துவதுபோல இருந்தது. தரணி அவர் இடுப்பைக் கட்டி வாசலுக்கு இழுத்தாள். நடக்க முடிந்தது. காரில் ஏறிக் காலை மடக்கி உட்காரவும் முடிந்தது.

“நரம்புப் பிடிப்பு,” என்றார் தங்கதுரை. அவருடைய குரல் அவருக்கே நம்பும்படி இல்லை. “சபைக்கு வண்டிய விடு, தரணி.”

பல்லடம் ரோட்டில் கதவு திறந்துதான் இருந்தது. பாஸ்டர் பூபாலனும் முருகவேலும் ஞாயிறு ஆராதனைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். தரணி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். பூபாலன் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே போய் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து வைத்தார்.

“ஐயோ மொதலாளி, வேண்டாமுங்க,” என்றார் முருகவேல். “காலெல்லாம் ஒரே வெடிப்புங்க.”

தங்கதுரை குனியப் பார்த்தார். கால் விறைத்து நின்றது. நெற்றியில் வேர்வை வழிந்தது. இப்படியே நின்ற மேனிக்குச் செத்துப்போவோம் என்று தோன்றியபோது அவர் விம்மினார்.

முருகவேலுக்குத் தாங்கவில்லை. முந்திக்கொண்டு அவரே மண்டியிட்டு, முதலாளியின் காலைப் பிடித்துக்கொண்டார். “என்னால ஏதாச்சும் மனசு சங்கடப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க, மொதலாளி.”

ஏதோ முறிந்ததுபோலச் சத்தம் கேட்டது. தங்கதுரை பொத்தென்று முழங்காலில் விழுந்தார்.

வெடித்த பாதங்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். விரலிடுக்கையும் விடாமல் துடைத்தார். தேம்பித் தேம்பி அழுதார். பூபாலன் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். தரணிக்குப் பல மாதத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. கணவன் பக்கத்தில் அவளும் மண்டியிட்டுக் கண்ணை மூடினாள்.

அப்போதுதான் அது அவளுக்கும் கேட்டது. மெதுவாக, மரியாதையாக, அவர் இடக்காதோரம்.

“அப்போஸ்தலரே, இந்தத் திருப்பூரிலே உம்மைப்போலத் தாழ்மையுள்ளவர் வேறே யார்?”

பதறிக் கண் திறந்தாள்.

தங்கதுரை இன்னும் மண்டியிட்டே இருந்தார். அழுகை நின்றிருந்தது. குனிந்த முகத்தில் உதடுகள் மெல்ல, மெல்ல விரிந்துகொண்டிருந்தன.