தபசு அன்றைக்குப் படிந்த பொடி

காலையில் கூட்டிய தரையில் மறுபடியும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. பேச்சித்தாய்க்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது: ஆடித்தபசுத் திருவிழாவுக்காகக் கல்குழியில் வேலை நிறுத்தியாயிற்று, சுத்தியல் சத்தமோ கல் அரைக்கிற மிசின் சத்தமோ இல்லை, அம்மியையே நகர்த்துகிற ஆடிக்காற்றுகூட அன்று அசையவில்லை.

எண்பத்திரண்டில் மானாவாரி காய்ந்த பிறகு ஊர்க்காரர்களே தோண்டிய குழி அது; வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக்கல் எடுக்கிற குழி. கல்லை அரைத்து மாவாக்கி லாரியில் ஏற்றுவார்கள். அவள் புருஷன் துரைப்பாண்டி மிசினடியில் நின்றவன். இப்போது கட்டிலோடு கிடந்து, ஈளை இழுக்க இழுக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்ட நாத்தனார் சுந்தரம்மாள் எட்டிப் பார்த்தாள். கையில் போன தபசுக்குக் கொண்டுவந்த கோவில் புற்றுமண்.

"இத தண்ணியில கரைச்சுக் குடு தாயி. குழி தோண்டுறப்ப தம்பி புத்த இடிச்சான்லா, அம்மன் நெஞ்சப் பிடிச்சிட்டா."

"தூசியா இருக்குமோ மதினி?"

"தூசின்னா ஊருக்கே வரணுமே."

சொல்லிவிட்டு இருமிக்கொண்டே பஸ்சுக்கு நடந்தாள். பொடியை யாரும் குற்றம் சொல்லவில்லை. சோறு போடுகிறதை யார்தான் சொல்வார்கள்?

பேச்சித்தாய் கதவைச் சாத்தினாள், ஓட்டு இடுக்குகளில் பழஞ்சேலையைத் திணித்தாள், ஈரத்துணியால் தரையை மூலைமுடுக்கு விடாமல் துடைத்தாள். தொட்டிலில் பிள்ளை தூங்கியது. இவர் போனாலும் போகட்டும், இவனை மட்டும் அந்தக் குழி தொடாமல் விடு தாயே என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதற்காக அழுதாள்.

வீடு முழுக்க நனைந்த கல்மாவு வாடை. அடைக்காமல் விட்ட ஒற்றை ஓட்டை வழியாக உச்சிவெயில் கம்பாக இறங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். துரைப்பாண்டி மூச்சு விடும்போதெல்லாம் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பி, மெல்லத் தரையில் இறங்கியது.

புற்றுமண்ணைக் கரைத்து அவன் உதட்டில் வைத்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"வேண்டாம்ட்டி. உள்ள எடமில்ல."

ஒரு இழுப்பு. இன்னொன்று. பிறகு இல்லை.

நெஞ்சில் காது வைத்தாள். சத்தமில்லை. அழ வாயெடுத்தவள் நிமிர்ந்தாள்.

வெளிச்சத்தில் பொடி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அவனிடமிருந்து அல்ல.

தொட்டில் அசைந்தது. சேலையை விலக்கினாள். பிள்ளை முழித்திருந்தான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். நாக்கு வெள்ளை. ஈறு வெள்ளை. மூச்சு விட்டான்.

அவன் வாயைப் பொத்தினாள்.

விரலிடுக்கில் பொடி வழிந்தது.